ஃபிளானல் பலகையில் நோவாவின் பேழை: வீட்டில் வேதாகமக் கதை சொல்ல ஒரு படத் தொகுப்பு

பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கும் கிறிஸ்தவக் குடும்பத்தார், வேதாகமத்தைச் சொல்லிக்கொடுக்க என்ன வாங்கலாம் என்று கேட்டால், ஃபிளானல் படத் தொகுப்பு வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். கூடவே இன்னொன்றும் சொல்வேன்: அதோடு வரும் ஆசிரியர் கையேட்டில் ஒவ்வொரு கதைக்கும் கடைசிப் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். படங்கள் அருமையானவை. அந்தப் படங்கள் பிள்ளையின் மனதில் எழுப்புவதை அந்தக் கடைசிப் பக்கங்கள் தட்டி அடக்கிவிடுகின்றன. வெளியிட்டவர் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், தவிர, இப்படிப்பட்ட தொகுப்புகளைப் பலரும் வெளியிடுகிறார்கள், நான் இங்கே சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஃபிளானல் படம் என்றால் என்னவென்று இன்றைய இளம் தாய்மார் பலருக்குத் தெரியாது. முன்பு ஞாயிறு பள்ளிக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். மெத்தென்று பூம்பூவாக இழை எழும்பிய ஃபிளானல் துணியை ஒரு பலகையில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆட்கள், ஆடுகள், மரங்கள், வீடுகள் எல்லாம் தனித்தனியாக வெட்டிய படங்களாக இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் அதே மாதிரித் துணித் துண்டு ஒட்டியிருக்கும். இழையும் இழையும் பற்றிக்கொள்வதால் ஆணியும் பசையும் இல்லாமல் படம் பலகையில் நிற்கும். எடுக்கலாம், நகர்த்தலாம், திரும்ப வைக்கலாம். கதை நடக்க நடக்கப் பலகையிலும் நடக்கும்.

நான் வாங்கிய தொகுப்பில் இருபத்துநான்கு கதைகள். பின்னணித் துணிகள் மூன்று: புல்வெளியும் வானமும், கடல், ஒரு வீட்டின் உட்புறம். அச்சிட்ட தாள்களில் இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள். ஒரு கையேடு. விலை ஆயிரத்து நானூறு ரூபாய். வேதாகமமும் பாட்டுப்புத்தகமும் விற்கும் ஒரு சிறிய கடையில் சேலத்தில்தான் வாங்கினேன். கடைக்காரர் உறையைப் பிரித்துத் தாள்களை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டியது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒரு தாள் இரண்டு முறை இருந்தது, இன்னொரு தாள் இல்லை. திரும்பக் கொண்டுபோனதும் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்.

எங்கள் வீடு சிவதாபுரம் பக்கம். முன்னறைதான் கொலுசுப் பட்டறை. கணவர் கம்பி வளைத்துப் பற்றவைப்பார், நான் சலங்கை கோப்பேன். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு. மாமியார் எங்களோடு இருக்கிறார்; பிள்ளைகளுக்கு அவர் ஆயா. இரவு வேலையை நிறுத்திய பிறகு குடும்ப ஜெபம்: ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு அதிகாரம், ஜெபம். பெரியவர்களுக்கு அது போதும். நான்கு வயதுப் பிள்ளை அதிகாரத்தின் நடுவிலேயே ஆயாவின் மடியில் தூங்கிவிடுவான். அவன் விழித்திருக்கும் நேரத்தில், அவனுக்கென்று ஒரு கதை வேண்டும் என்பதற்காகத்தான் இதை வாங்கினேன்.

முதலில் வேலை பற்றிச் சொல்லிவிடுகிறேன். உருவங்கள் வெட்டி வருவதில்லை, நாம்தான் வெட்ட வேண்டும். யோசேப்பின் சகோதரர்கள் பத்துப்பேரை விரல் விரலாக வெட்டி முடிக்கக் கை வலித்துவிடும். கையேட்டோடு, முதுகில் ஒட்டுவதற்கு என்று கொடுத்திருக்கும் துணித் துண்டுகள் பாதி உருவங்களுக்குத்தான் போதும். மீதிக்கு என் கணவர் பட்டறையில் கிடந்த உப்புத்தாளை வெட்டிக் கொடுத்தார். சொரசொரப்பு வெளியே இருக்கும்படி ஒட்டினோம். துணியை விட அது நன்றாகப் பிடிக்கிறது. பலகையைச் செங்குத்தாக நிறுத்தினால் கனமான படங்கள் சரியும்; சுவரில் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் விசிறி சுற்றினால் கோலியாத் தாவீதின் கல் படும் முன்பே விழுந்துவிடுகிறான்.

இனி கதைகள். நோவாவின் பேழைதான் உறையின் மேல் இருக்கும் படம், பிள்ளைகள் முதலில் கேட்பதும் அதுதான். படமாகப் பார்த்தால் அழகு. வேதாகமத்தோடு ஒப்பிட்டால் தவறு. வளைந்த அடிப்பாகமும் சின்னக் கூரையுமாக, ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி வெளியே பார்க்கும் ஓடம் அது. ஆதியாகமம் 6-ஆம் அதிகாரம் 15, 16 வசனங்களில் அளவே கொடுத்திருக்கிறது: நீளம் 300 முழம், அகலம் 50 முழம், உயரம் 30 முழம், மூன்று தட்டுகள், பக்கத்தில் ஒரு கதவு. பூக்காரி முழம் போட்டு மல்லிகை அளப்பதை மாமியாரோடு தினமும் நின்று பார்க்கிற பிள்ளைகள் இவர்கள். அதனால் ஒரு சணல் கயிற்றை எடுத்து, என் கணவரின் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளந்து முடிச்சுப் போட்டு, தெருவில் இறங்கி அளந்தோம். ஒரு முழம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் 300 முழம் சுமார் 135 மீட்டர். எங்கள் வாசலில் தொடங்கி ரேஷன் கடையைத் தாண்டித் திருப்பம் வரை போயிற்று. மகன் அந்தத் திருப்பத்தில் நின்று, “அம்மா, நீங்கள் பேழையின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்” என்று கூவினான். அன்று இரவு அட்டையில் ஒரு நீளப் பெட்டி வரைந்து வெட்டி, உறையில் இருந்த ஓடத்தை ஒதுக்கி வைத்துவிட்டோம்.

எங்கள் பேழைக்குத் திறந்து மூடும் கதவு வைத்தோம். தொகுப்பின் பேழையில் கதவு திறந்தபடியே அச்சிட்டிருக்கிறது, மூட முடியாது. கதவு மூடுவது அந்தக் கதையில் முக்கியமான இடம். மகன் கேட்டான்: “கதவை யார் மூடினார்கள்? நோவாவா?” வேதாகமத்தைத் திறந்து 7-ஆம் அதிகாரம் 16-ஆம் வசனத்தைப் படித்தேன். “அப்பொழுது கர்த்தர் அவனை உள்ளே விட்டுக் கதவை அடைத்தார்.” அவன் எழுந்துபோய் அட்டைக் கதவை மெதுவாக மூடினான். பிறகு மகள் கேட்டாள், வெளியே இருந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று. எந்தக் கிறிஸ்தவத் தாய்க்கும் தொண்டை அடைக்கும் கேள்வி அது. கையேட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை. எந்த விலங்கு உனக்குப் பிடிக்கும் என்றுதான் கையேடு கேட்கச் சொல்கிறது. நான் அதற்கு முந்தின 6-ஆம் அதிகாரத்துக்குப் போய், மனுஷரைப் பார்த்துக் கர்த்தர் துக்கப்பட்டதையும், அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்ததையும் படித்தேன். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். வேறு விளக்கம் எதுவும் நான் சொல்லவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு வேதாகமம் தரும் அளவு பதிலை அவளுக்குத் தந்தேன்.

கையேட்டின் மீது எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு பக்கம்: ‘இக்கதையிலிருந்து நாம் கற்றுக்கொள்வது’. அதன் கீழே பிள்ளைகளிடம் கேட்க ஐந்து கேள்விகள். தாவீது கோலியாத்தை வென்றான், ஆகவே நீயும் பயப்படாதே. யோனா கீழ்ப்படியவில்லை, ஆகவே நீ அம்மா சொல்வதைக் கேள். இருபத்துநான்கு கதைகளும் இப்படி நல்ல பிள்ளையாக இரு என்ற ஒரே முடிவுக்கு வந்து நிற்கின்றன. பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள். கதை முடியும் முன்பே விடை அவர்களிடம் தயாராக இருக்கிறது. கீழ்ப்படிய வேண்டும், ஜெபிக்க வேண்டும், பொய் சொல்லக் கூடாது. விடை தெரிந்த பிள்ளைக்குக் கதை எதற்கு?

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தை எல்லாப் பெற்றோரும் அறிவார்கள். “நீ அவைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவைகளைக்குறித்துப் பேசி” என்ற 7-ஆம் வசனம் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அதே அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. அங்கே கேள்வி கேட்பது பிள்ளை. இந்தக் கட்டளைகள் எல்லாம் எதற்கு என்று நாளைக்கு உன் மகன் கேட்டால், என்கிறது. அதற்குத் தகப்பன் சொல்ல வேண்டிய பதில் அடுத்த வசனத்தில்: நாங்கள் எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாக இருந்தோம், கர்த்தர் எங்களைப் புறப்படப்பண்ணினார். கட்டளைக்குக் காரணம் கேட்ட பிள்ளைக்கு ஒரு கதை சொல்லப்படுகிறது! யாத்திராகமம் 12-இல் பஸ்காவைப் பற்றியும், யோசுவா 4-இல் யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களைப் பற்றியும் இதே முறைதான். பிள்ளை பார்க்கும், கேட்கும், பெற்றவர் சொல்வார். கையேடு இந்த வரிசையைப் புரட்டிப் போட்டுவிட்டது. அதில் பெரியவர் கேட்கிறார், பிள்ளை ஒப்புவிக்கிறது.

இயேசுவும் உவமைக்கு விளக்கம் சொன்னாரே என்று எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விதைக்கிறவன் உவமையை மாற்கு 4-இல் பார்த்தால், ஜனங்களுக்கு உவமையைச் சொல்லி முடித்துவிடுகிறார். பிறகு அவர் தனித்திருக்கையில் கூட இருந்தவர்கள் வந்து கேட்கிறார்கள். அப்போது விளக்குகிறார். கேட்டவர்களுக்கு விளக்கம் கிடைத்தது.

இந்தத் தொகுப்பில் எங்கள் வீட்டுக்கே எழுதியதுபோல் அமைந்த கதை, லூக்கா 15-இல் வரும் காணாமற்போன வெள்ளிக்காசு. அதற்குப் படங்கள் மிகக் குறைவு: ஒரு பெண், ஒரு விளக்கு, ஒரு துடைப்பம், பத்துக் காசுகள். ஒரு காசு ஏறத்தாழ ஒரு நாள் கூலி என்று கையேட்டில் நல்ல குறிப்பு ஒன்று இருக்கிறது. இதைப்போன்ற குறிப்புகள் இன்னும் இருந்திருக்கலாம். ஒன்பது காசுகளை மகன் பலகையில் வரிசையாக ஒட்டினான். பத்தாவதை நான் கைக்குள் மறைத்துக்கொண்டு வசனத்தைப் படித்தேன். “விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, அதைக் கண்டுபிடிக்கிறவரைக்கும் ஜாக்கிரதையாய்த் தேடாமலிருப்பாளோ?”

கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வீட்டில் பெருக்குவது என்றால் என்ன என்று வெளியாருக்குச் சொல்ல வேண்டும். அரத்தில் ராவிய பொடி, கம்பியின் நுனி, பற்றவைக்கும்போது சிதறும் துளி எல்லாம் தரையில்தான் விழும். மாலையில் பெருக்கிய தூசியை யாரும் தெருவில் கொட்டமாட்டார்கள். தனியாக ஒரு டப்பாவில் சேர்ப்போம், அதற்குள் வெள்ளி இருக்கிறது. நடந்து போகிறவர் காலில் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாதென்று வாசலில் மிதியடி போட்டிருப்போம், அதையும் உதறிச் சேர்ப்போம். மகள் பிறந்ததிலிருந்து இதைப் பார்க்கிறாள். வசனம் முடிந்ததும் அவள் சொன்னாள்: “அம்மா, அவள் குப்பையை வெளியே கொட்டியிருக்கமாட்டாள். குப்பைக்குள்தான் தேடியிருப்பாள்.” கொலுசுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த என் கணவர் கையை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ பிரசங்கங்களில் அந்த உவமையைக் கேட்டிருக்கிறோம். பெருக்கிய தூசியை அவள் வீசியிருக்கமாட்டாள் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நான் கதையை நடத்த வேண்டியிருக்கவில்லை. காசை ஒளித்து வைக்கச் சொன்னார்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்து, அரிசி மூட்டைக்குப் பின்னால், பட்டறை மணையின் அடியில், ஆயாவின் பெட்டிக்குள் என்று தேடினார்கள். கண்டுபிடித்ததும் மகன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டான். கதையில் அந்தப் பெண் சிநேகிதிகளையும் அயல் வீட்டாரையும் கூப்பிடுகிறாள் அல்லவா? இவன் போய்ப் பக்கத்து வீட்டு அத்தையின் கையைப் பிடித்து இழுத்து வந்தான். அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். என்னவோ ஏதோ என்று ஈரக் கையோடு வந்தவர், காகிதக் காசைப் பார்த்து, விஷயம் கேட்டு, “அடேங்கப்பா, கிடைத்துவிட்டதா சாமி?” என்று மெய்யாகவே சந்தோஷப்பட்டார். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தோம். கையேட்டின் கடைசிப் பக்கம் அந்தக் கதைக்கு, ‘நீ காணாமற்போன காசா?’ என்று பிள்ளையைக் கேட்கச் சொல்கிறது. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து சந்தோஷப்பட்டு முடித்த பிள்ளையிடம் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. மனந்திரும்புகிற ஒரே பாவியினிமித்தம் தேவதூதருக்கு முன்பாகச் சந்தோஷம் உண்டாயிருக்கிறது என்று இயேசுவே சொன்ன 10-ஆம் வசனத்தை மட்டும் ஜெபத்துக்கு முன் படித்தேன்.

தொகுப்பிலேயே சிறந்த உருவம் எது என்று கேட்டால் கல்லறைக் கல்லைச் சொல்வேன். குகையும் கல்லும் தனித்தனி. கல் வட்டமானது, உருட்டலாம். சிலுவைப் படங்களை அடக்கமாக வரைந்திருப்பதையும் பாராட்ட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கு இரத்தத்தைக் காட்டிப் பயமுறுத்தத் தேவையில்லை. சிலுவையின் அடியில் நிற்கும் மரியாளின் முகமே போதுமானது. பெரிய வெள்ளி மாலை ஆராதனை முடிந்து வந்து குகையையும் கல்லையும் பலகையில் ஒட்டினோம். சனிக்கிழமை முழுவதும் பலகை அப்படியே இருந்தது. மகன் கல்லை நகர்த்தப் போகும்போதெல்லாம் மகள் தடுத்தாள், “இன்னும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.” ஒரு நாள் காத்திருப்பது என்றால் என்ன என்று அந்தப் பலகை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. ஈஸ்டர் அதிகாலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், எங்கள் மாமனாரின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாட்டுப் பாடிவிட்டு வீட்டுக்கு வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே ஓடிப்போய்க் கல்லை உருட்டினான். கல்லறையின் வாசலிலிருந்து அந்தக் கல்லை நமக்காக யார் புரட்டித் தள்ளுவார்கள் என்று மாற்கு 16-இல் பெண்கள் கேட்டுக்கொண்டு வருவதைப் படித்தால், இப்போது அவன் கையைத் தூக்குகிறான்.

குறைகளில் என் மாமியாரை மிகவும் வருத்தியது முகங்கள். எல்லாரும் வெளுத்த நிறம், தேவதூதருக்கு மஞ்சள் முடி, யோசேப்புக்கு நீலக் கண். இவர்கள் எல்லாரும் மேற்கு ஆசியாவிலும் எகிப்திலும் வெயிலில் ஆடு மேய்த்து, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். “இவர்கள் எந்த ஊர்க்காரர்கள், நம் ஊர் வெயிலில் ஒரு நாள் நிற்பார்களா?” என்று மாமியார் கேட்டார். மகளிடம் வண்ணப் பென்சில்களைக் கொடுத்து நிறம் தீட்டச் சொன்னோம். பளபளப்பான தாளில் பென்சில் சரியாகப் பிடிக்கவில்லை. அடுத்த பதிப்பில் இதை மாற்ற வேண்டும் என்று உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு குறை, சின்னவர்களை விட்டுவிட்டார்கள். நாகமானின் ரதமும் குதிரைகளும் இருக்கின்றன. அவனுடைய மனைவியிடம் வேலை செய்த, சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட சிறுபெண்ணின் படம் இல்லை. 2 இராஜாக்கள் 5-இல் அந்தக் கதை முழுவதும் அவள் சொன்ன ஒரு வார்த்தையால்தான் நடக்கிறது. பிள்ளைகளுக்கான தொகுப்பில் பிள்ளையை விட்டுவிட்டால் எப்படி? ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கதையில் கூடையை ஒரு சீஷர் ஏந்தி நிற்கிறார். யோவான் 6:9-இல் வரும் பையன் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிட்டான். சாமுவேலுக்கு அவன் தாய் வருஷந்தோறும் தைத்துக் கொண்டுபோன சின்னச் சட்டையும் இல்லை. அதை மட்டும் மகள் தன் பழைய பாவாடைத் துணியில் கத்தரித்துச் செய்தாள். இப்போது எங்கள் பெட்டியில் அதிகம் தேய்ந்த உருவம் அதுதான்.

மனப்பாட வசனங்களைப் பொறுத்தவரை கையேட்டைக் குறை சொல்ல மாட்டேன். சபையில் வாசிக்கும் பழைய திருப்புதலிலிருந்தே, அதாவது பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்தே, கொடுத்திருக்கிறார்கள். பவர் ஐயரின் குழு மொழிபெயர்த்து 1871-இல் வெளிவந்த அந்த மொழி பிள்ளைக்குக் கடினம் என்று சிலர் சொல்கிறார்கள். கதையை நம் பேச்சில் சொல்லிவிட்டு வசனத்தை அப்படியே படித்தால் கடினமாக இருப்பதில்லை, காதுக்குள் இறங்கிவிடுகிறது. “சொல்லும், அடியேன் கேட்கிறேன்” என்பதை மகன் ஒரே இரவில் பிடித்துக்கொண்டான். இப்போது நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் அந்தப் பதில்தான் வருகிறது.

செல்பேசியில் வரும் கார்ட்டூன் கதைகளோடு இதை ஒப்பிடச் சிலர் சொன்னார்கள். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் அங்கே கதை தன் வேகத்தில் ஓடும், கேள்வி கேட்டால் நிற்காது. படக்கதை வேதாகமம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அதையும் விரும்பிப் புரட்டுகிறார்கள். அதில் இல்லாத ஒன்று இதில் உண்டு: பிள்ளையே திரும்பக் கதை சொல்ல முடியும். எனக்கு அதுதான் அளவுகோல்.

மே மாதத்தில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். நாத்தனார் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக் குடியிருப்பில் இருக்கிறார். பிள்ளைகளின் விடுமுறைக்குப் போகும்போது பலகையையும் எடுத்துப் போனோம். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மகனுக்குத் தலை சுற்றாமல் இருக்க, காணாமற்போன ஆட்டின் கதையைப் பேசிக்கொண்டே போனோம். பாறைச் சரிவில் நின்ற ஆடு ஒன்றைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: “அவர் ஒன்றைத் தேடிப் போய்விட்டாரே, மீதித் தொண்ணூற்றொன்பதை யார் பார்த்துக்கொண்டார்கள்?” வேதாகமத்தில் அது சொல்லப்படவில்லை என்று சொன்னேன். அவன் அடுத்த வளைவு வரை யோசித்துவிட்டு, “அதனால்தான் சீக்கிரம் வந்திருப்பார்” என்றான். வழியில் நடக்கிறபோதும் பேசு என்று உபாகமம் சொல்வது இதைத்தான் என்று எனக்குத் தோன்றியது. பலகை அப்போது பஸ்ஸின் மேல்தட்டில் கட்டிக் கிடந்தது. கதை அவனிடம் இருந்தது.

தோட்டத்தில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, குடியிருப்பின் திண்ணையில் பலகையை வைத்தோம். வேலையாட்களின் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். மகள் நானாகச் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கி, சாமுவேலின் கதையைச் சொன்னாள். கையேட்டில் கதை இரவில் ஆண்டவர் கூப்பிடுவதில் தொடங்குகிறது. இவள் அன்னாள் அழுததில் தொடங்கினாள். பிள்ளையை ஆலயத்தில் விட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போன இடத்தில் நிறுத்தி, சட்டையை எடுத்துக் காட்டி, “ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பெரிதாகத் தைத்திருப்பார்கள்” என்றாள். அங்கே இருந்த ஒரு சிறுமி, விடுதியில் தங்கிப் படிக்கிறவள், “அம்மாவுக்கு அளவு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். பிள்ளைகளுக்குள் அதைப் பற்றி நெடுநேரம் பேச்சு நடந்தது. என் நாத்தனாரும் நானும் குறுக்கே பேசவில்லை. அந்தக் கேள்வியை எந்தக் கையேடும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

மலையில் ஒரு தொந்தரவு உண்டு. மாலையில் பனிமூட்டம் இறங்கியதும் காகித உருவங்கள் ஓரம் சுருண்டு, துணியில் சரியாகப் பிடிக்காமல் போயின. அங்கே எடுத்துப் போகிறவர்கள் உருவங்களைக் கனமான புத்தகத்துக்குள் வைத்து அழுத்தி, மூடிய டப்பாவில் கொண்டுபோவது நல்லது. மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டித் தரும் கடைகளில் லேமினேஷன் செய்துகொண்டால் நெடுநாள் உழைக்கும், செலவுதான் கூடும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: எல்லா உருவங்களையும் முதல் நாளே வெட்டிவிட முயலாதீர்கள். காணாமற்போன காசு, சாமுவேல், நல்ல மேய்ப்பன் ஆகிய மூன்றையும் முதலில் வெட்டுங்கள், உருவங்கள் குறைவு, கதைகள் நிறைவானவை. ஒவ்வொரு கதைக்கும் தனி உறை போட்டு, மேலே வேதாகமப் பகுதியை எழுதி வையுங்கள். கதையைச் சொல்லும் முன் நீங்கள் அந்தப் பகுதியை வேதாகமத்தில் முழுவதும் வாசித்துவிடுங்கள், கையேட்டின் சுருக்கத்தை நம்பவேண்டாம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் கத்தரிக்கோலை அதன் கையில் கொடுங்கள். விடுபட்டவர்களை அதுவே வரைந்து சேர்க்கும். நாகமான் வீட்டுச் சிறுபெண்ணை என் மகள் இந்த வாரம் வரைந்து முடித்திருக்கிறாள். முதுகில் ஒட்ட உப்புத்தாள் வாங்கும்போது முரட்டு ரகம் வேண்டாம், பின்னணித் துணியின் இழையைப் பிய்த்துவிடும். நடுத்தர ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.